கொடைக்கானல் பைன் மரங்களை வெட்டத்தான் வேண்டுமா?

மேல்மலைக்காரன்:
அயல் களைத் தாவரங்களை அகற்ற 2022-ல் தமிழக அரசு கொள்கை வெளியிட்டதிலிருந்து, சீகையோடு (வாட்டில் மரம்) பைனையும் வெட்டித் தள்ளணும்னு இந்தக் குழுவில் பலர் எழுதுறீங்க. அம்மா இறந்த வருஷம், சாயங்காலமானா பைன் காட்டுக்குள்ள போய் உட்காருவேன். காஞ்ச ஊசியிலை மெத்தை மாதிரி கிடக்கும், காலடிச் சத்தமே கேட்காது. மேலே காத்து மட்டும் கடல் மாதிரி இரையும். வீட்ல அழ முடியாததை அங்கேதான் அழுது தீர்த்தேன்.

இது என் ஒருத்தன் கதை இல்லை. 1984-ல் ரோஜர் உல்ரிச்னு ஒரு அமெரிக்க ஆய்வாளர் வெளியிட்ட ஆய்வு இருக்கு. பென்சில்வேனியாவில் பித்தப்பை அறுவை செய்துகொண்ட 46 பேர். ஜன்னல் வழியா மரம் தெரிஞ்சவங்க, செங்கல் சுவரைப் பார்த்துக் கிடந்தவங்களை விடச் சீக்கிரம் வீடு திரும்பினாங்க. கடுமையான வலி மருந்தும் அவங்களுக்குக் குறைவாவே தேவைப்பட்டது. மரத்தை எடுத்தா மனுஷனுக்கும் இழப்புதான்.

நெட்டைக்காலி:
அண்ணே, உங்க துக்கத்தை மதிக்கிறேன். ஆனா அந்த ஆய்வு மரத்தையும் சுவரையும்தான் ஒப்பிட்டது, பைனையும் புல்வெளியையும் இல்லை. நம்ம மலையோட காட்சி எது? மடிப்பில் சோலைக்காடு, மேட்டில் புல். வெள்ளைக்காரன் அந்தப் புல்லைத் தரிசுன்னு எழுதி வச்சு மரம் நட்டான். நாமளும் மரம் இருந்தாத்தான் காடுன்னு நம்பிட்டோம். என் பேரா வச்சிருக்கிற குருவி புல்வெளியில்தான் கூடு கட்டும். பைன் நட்டா அதுக்கு வீடே போச்சு.

தண்ணிக் கணக்கும் இருக்கு. நீலகிரி கிளன்மார்கனில் புல்வெளியில் தைலமரம் வச்சு அளந்தாங்க. முதல் பத்து வருஷத்திலேயே நீர்வரத்து 16 சதவீதம் குறைஞ்சது. ஓடை வத்தின ஊர்ல குடத்தோட அலையுற பொம்பளைக்கு எந்த மன அமைதி?

சோலைநிழல்:
ரெண்டு பேருமே வெட்டுறதா, விடுறதான்னு மட்டும் நிக்கிறீங்க. எப்படி வெட்டுறதுங்கறதுதான் எனக்குக் கவலை. சீகையை மொத்தமா வெட்டின சரிவு ஒண்ணுல போன மழைக்கு ஏறினேன். செம்மண்ணும் அடிக்கட்டையுமா இருந்த இடத்தில், தலைமுடி மாதிரி அடர்த்தியா சீகைக் கன்று! விதை மண்ணுக்குள்ள பல வருஷம் காத்துக்கிடக்கும், வெயில் பட்டதும் கிளம்பிடும். பழைய நட்ட காட்டோட நிழலில்தான் சோலைக் கன்றுகள் தானா வருது. அந்த நிழலை ஒரே நாளில் பிடுங்கினா காட்சியும் போகும், சோலையும் போகும். முதல்ல, இன்னும் மிச்சமிருக்கிற புல்வெளிக்குள்ள புகுற சின்னக் கன்றுகளைப் பிடுங்குங்க.

நெட்டைக்காலி:
நிழல் விஷயத்தை ஒத்துக்கிறேன், அக்கா. ஆனா சோலை தானா மீளும்னு சொல்லிச் சொல்லியே புல்லை விட்டுடுவாங்க. புல்லு நிழலில் வராது. குறிஞ்சி வளர்றதும் அந்தத் திறந்த மேட்டில்தான். 2018-ல் பூத்தது, இனி 2030. அதுக்குள்ள சில மேடாவது வெளிச்சம் பார்க்கணும்.

மேல்மலைக்காரன்:
மேட்டுல சீகையை எடுங்க தம்பி, நான் தடுக்கலை. நான் உட்கார்ற பைன் காட்டை மட்டும் கடைசியா வச்சுக்கோங்க. அக்கா சொன்னதைப் படிச்சிட்டு இன்னைக்கு அங்கே குனிஞ்சு தேடினேன். ஊசியிலையை விலக்கினா, விரல் நீளத்துக்கு ஒரு கன்று, தளிர் செக்கச்செவேல்னு. என்ன மரம்னு தெரியலை. படம் போடுறேன், யாராவது பேர் சொல்லுங்க.