அப்பாவுக்குத் திரும்பி வந்த பிராஸ்டேட் புற்றுநோய்: உங்களை விட்டு அகலாத அந்த ஒரு நாள் எது?

காவேரிக்கரை மகள்

பிராஸ்டேட் சுரப்பியை எடுத்த அறுவை சிகிச்சைக்குப் பிறகு ஐந்து வருடம், நோய் தலையெடுக்கிறதா என்று காட்டும் ரத்தப் பரிசோதனையான பி.எஸ்.ஏ. 0.1-க்குக் கீழேயே இருந்தது. கார்த்திகையில் 0.21. பொங்கலுக்கு முன் மறுபடி பார்த்தபோது 0.27. இரண்டாவது எண்ணுக்கு என்ன பொருள் என்று இங்கே யாருக்கும் நான் சொல்ல வேண்டியதில்லை.

டாக்டர் நிதானமாகத்தான் பேசினார். சுரப்பி இருந்த இடத்துக்கு 33 நாள் கதிர்வீச்சு, திங்கள் முதல் வெள்ளி வரை. 0.5-ஐத் தாண்டுவதற்குள் கொடுத்தால் பலன் கூடுதல். இல்லாவிட்டால் மூன்று மாதம் பொறுத்து, எந்த வேகத்தில் ஏறுகிறது என்று பார்க்கலாம். இரண்டும் தவறில்லை, பேசி முடிவெடுங்கள் என்றார்.

அப்பா என் பக்கம் திரும்பி, "உனக்கு எது தோதாக இருக்கும் அம்மா?" என்று கேட்டார்.

என் படிப்பு, கல்யாணம், நாங்கள் கட்டிய வீட்டுக்கு வாசல் எந்தத் திசை என்பதுவரை அவர் சொன்னதுதான் நடந்தது. ஒரு நாளும் என் தோதைக் கேட்டவர் இல்லை. அன்று மடியில் மஞ்சள் பையை வைத்துக்கொண்டு, டாக்டரை விட்டுவிட்டு என் முகத்தையே பார்த்தார். என் மகளுக்கு மார்ச்சில் பிளஸ் டூ தேர்வு. கதிர்வீச்சு என்றால் வெளியூரில் அறை எடுத்து ஆறரை வாரம் தங்க வேண்டும். "அவள் தேர்வு முடியட்டும் அப்பா" என்றேன். நான் சொல்லி முடிப்பதற்குள் தலையாட்டிவிட்டார்.

ஏப்ரலில் 0.58.

கதிர்வீச்சு கொடுத்தாயிற்று. இப்போது மறுபடி 0.1-க்குக் கீழ். யாரும் என்னைக் குறை சொல்லவில்லை. ஆனால் அந்த "தோது" என்ற சொல் இரவு இரண்டு மணிக்கு என்னை எழுப்பி உட்கார வைக்கிறது. பயத்தில் கேட்டாரா, எனக்குப் பாரமாகிவிடக் கூடாது என்று கேட்டாரா? அங்கேயே அவரிடம் கேட்டிருக்க வேண்டும்.

கரிசல்காட்டான்

எங்கள் அப்பா விவசாயி, 74 வயது. கதிர்வீச்சு முடிந்து நான்கு வருடம் கழித்து எலும்பில் தலைகாட்டியது. மூன்று மாதத்துக்கு ஒரு முறை ஹார்மோன் ஊசி போடலாம், அல்லது விரைகளை எடுத்துவிடலாம், இரண்டும் ஆண் ஹார்மோன் சுரப்பை அடக்கும் ஒரே வேலையைத்தான் செய்யும் என்று டாக்டர் சுற்றி வளைத்துச் சொன்னார். அப்பாவுக்கு விளங்கியிருக்காது என்று நினைத்து நான் வாயைத் திறப்பதற்குள் அவரே கேட்டார்: "மாட்டுக்குக் காயடிப்பது போலத்தானே ஐயா?"

பக்கத்தில் நின்ற இளம் மருத்துவர் ஒருவர் சிரித்துவிட்டார்.

அப்பா வேடிக்கைக்குச் சொல்லவில்லை. எங்கள் வீட்டில் இரண்டு ஜோடி காளைகள் இருந்த காலத்தில், காயடிக்க ஆள் வரும் அன்று கயிற்றைப் பிடித்துக்கொண்டு நிற்பவர் அவர்தான். அன்றைக்கு முழுவதும் சோறு தொடமாட்டார். அந்த அறையில் அது தெரிந்தவன் நான் ஒருவன். நானும் வாயை மூடிக்கொண்டு நின்றேன். மறுவாரம் அறுவை சிகிச்சை நடந்தது. இரண்டு வருடமாக அப்பா அந்தப் பேச்சையே எடுக்கவில்லை.

கொங்கு மூத்தவன்

கரிசல்காட்டான் தம்பி, நீங்கள் அவசரப்பட்டுவிட்டீர்கள். ஊசி என்றால் ஒரு நாள் நிறுத்தலாம், எடுத்ததைத் திரும்ப வைக்க முடியாது. அதை அன்றே கேட்டிருக்க வேண்டும்.

என் அப்பாவுக்கு 81. ஹார்மோன் ஊசியோடு, அதே சுரப்பை இன்னும் அடக்கும் அபிராட்டிரோன் மாத்திரை, இது இரண்டாம் வருடம். ஒரு நாள் காலை மாத்திரை போட்ட கையோடு இட்லியில் கை வைத்துவிட்டார். நான் தட்டைப் பிடுங்கினேன். அவர் கண் கலங்கியதை இன்னும் மறக்க முடியவில்லை.

எல்லோருக்கும் பயன்படும் என்பதால் எழுதுகிறேன். அந்த மாத்திரை வெறும் வயிற்றுக்கானது. சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்துப் போட வேண்டும், போட்ட பிறகு ஒரு மணி நேரம் எதுவும் சாப்பிடக் கூடாது. சாப்பாட்டோடு சேர்ந்தால் உடம்பு பல மடங்கு மருந்தை இழுத்துக்கொள்ளும். கூடவே தரும் பிரெட்னிசோலோன் என்ற ஸ்டீராய்டு மாத்திரையை நாமாக நிறுத்தக் கூடாது. ரத்த அழுத்தமும் பொட்டாசியமும் அடிக்கடி பார்க்க வேண்டும். பி.எஸ்.ஏ.வை ஒரே ஆய்வகத்தில் எடுங்கள், இடம் மாறினால் எண்ணும் கொஞ்சம் மாறும். ஒற்றை எண்ணைப் பார்த்துப் பதறுவதைவிட, அது இரட்டிப்பாக எத்தனை மாதம் ஆகிறது என்று டாக்டரிடம் கேளுங்கள். எலும்பைப் பலப்படுத்தும் சோலெட்ரோனிக் ஆசிட் ஊசி என்றால் முதலில் பல் டாக்டரைப் பார்த்து, பிடுங்க வேண்டிய பல்லைப் பிடுங்கி, புண் ஆறிய பிறகுதான் போட வேண்டும். எலும்பில் பரவியவருக்கு முதுகுவலியோடு கால் மரத்தாலோ, நடை தளர்ந்தாலோ, சிறுநீர் அடைத்தாலோ விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள், அன்றிரவே தூக்கிக்கொண்டு ஓடுங்கள். தண்டுவடம் நசுங்கினால் போன கால் திரும்புவது கடினம்.

காவேரிக்கரை சகோதரி, கதிர்வீச்சுக்கு வருபவர் சிறுநீர்ப்பை நிறைந்திருக்க ஒரு மணி நேரம் முன்பே வயிறு நிறையத் தண்ணீர் குடித்துவிட வேண்டும். அதையும் கவனித்தீர்களா?

கரிசல்காட்டான்

அண்ணா, என் அப்பாவுக்கு எலும்புவரை போய்விட்டது. அவருக்கு ஊசியை நிறுத்தலாம் என்று எந்த டாக்டரும் எங்களிடம் சொல்லவில்லை. எங்கள் ஊரிலிருந்து மருத்துவமனைக்கு இரண்டு பஸ் மாற வேண்டும். ஒரு தவணை தவறினாலும் சுரப்பு மறுபடி தலைதூக்கலாம் என்ற பயம் வேறு. அறுவை சிகிச்சையில் ஒரே நாளில் சுரப்பு விழுந்துவிடும். அப்பாவின் இடுப்புவலி பத்து நாளில் தணிந்ததை நான் கண்ணால் பார்த்தேன். சிகாகோவில் சார்லஸ் ஹக்கின்ஸ் என்ற மருத்துவர் 1941-இல் காட்டிய வழி இது, அந்த ஆராய்ச்சிக்கு 1966-இல் நோபல் பரிசும் கொடுத்தார்கள். பழையது என்பதற்காகத் தாழ்ந்ததாகிவிடாது.

முடிவு தப்பு என்று நான் எழுதவே இல்லை. சிரித்தபோது என் அப்பா பக்கத்தில் நான் நிற்கவில்லை என்றுதான் எழுதினேன்.

சென்னை மருமகள்

என் மாமனாருக்கு லுட்டீசியம் என்ற கதிரியக்க மருந்து ஊசி. ஊசியும் மாத்திரையும் கீமோவும் கேட்காமல் போன பிறகு கடைசியாகச் சொன்னது. ஆறு வாரத்துக்கு ஒன்று, ஆறு வரை போடலாம் என்றார்கள். போட்டுவிட்டு வந்தால் சில நாள் குழந்தைகளை அருகில் விடக் கூடாது. என் மகனுக்கு நான்கு வயது. வாசற்படியில் நின்றுகொண்டு, பொம்மைக் காரைத் தாத்தா கட்டில்வரை உருட்டிவிடுவான். அவர் காலால் திருப்பித் தள்ளிவிடுவார். இரண்டு ஊசிக்குப் பிறகும் பி.எஸ்.ஏ. ஏறிக்கொண்டே இருந்தது. மூன்றாவது வேண்டாம் என்றார் மாமா. "எண்ணிக்கொண்டிருக்கும் நாளில் அந்தப் பயல் மடியில் உட்கார வேண்டும்" என்றார். என் கணவர் ஒரு வாரம் அவரோடு பேசவில்லை. அந்த ஒரு வாரத்தை நினைத்து இப்போது அழுகிறார்.

காவேரிக்கரை மகள்

மூத்தவன் அண்ணா, தண்ணீரைப் பற்றிக் கேட்டீர்கள். அறுவை சிகிச்சை முடிந்தவருக்கு உங்கள் கணக்கு ஒத்துவராது. அப்பாவுக்கு அடக்கும் சக்தி பாதிதான் மிச்சம். முதல் வாரம் சொன்ன நேரத்துக்குக் குடித்தார், இயந்திரம் தாமதமானது, வராந்தாவிலேயே வேட்டி நனைந்துவிட்டது. துண்டை இடுப்பில் சுற்றிக்கொண்டு, யாரும் பார்க்கவில்லையே என்று என்னிடம்தான் கேட்டார். பிறகு அங்கிருந்த நர்ஸ் அம்மா ஒருவர் வழி சொன்னார்: கடிகாரத்தைப் பார்க்காதீர்கள், உங்களுக்கு முன்னால் மூன்று பேர் இருக்கும்போது குடிக்க ஆரம்பியுங்கள். மீதி நாட்கள் அப்படித்தான் ஓடின. வரிசையை எண்ணுவது என் வேலை. "மூன்று" என்று விரலைக் காட்டுவேன், அவர் பாட்டிலைத் திறப்பார்.