மறு: 'பாப்புலர் சாவரன்டி'க்கு 'மக்கள் இறையாண்மை' போதுமா?

நண்பர்களுக்கு வணக்கம். புதிய பகுதிகளில் அடிமைமுறை வேண்டுமா என்பதை அங்கே குடியேறுகிறவர்களே முடிவு செய்யட்டும் என்ற பழைய அமெரிக்கக் கோட்பாடுதான் 'பாப்புலர் சாவரன்டி'. நம் சொற்பட்டியலில் அதற்குப் புதுச்சொல் வேண்டும் என்று நான் எழுதியதற்கு வந்த மறுப்பு இது:

> 'மக்கள் இறையாண்மை' ஏற்கெனவே புழக்கத்தில் உள்ள சொல். அரசியல் நூல்களில் அதைத்தான் எழுதுகிறோம். இதற்கெனப் புதிதாக ஒன்று எதற்கு?

ஐயா கேட்டது நியாயமான கேள்வி. கைவசம் இருக்கும் சொல்லை விட்டுவிட்டுப் புதுச்சொல் தேடி அலைவது எனக்கும் பிடிக்காது. ஆனால் அமெரிக்க உள்நாட்டுப் போரின் முன்கதையை எழுதும்போது மட்டும் இந்தச் சொல் காலை வாரிவிடுகிறது. அதை எனக்குக் காட்டியவள் என் மகள். பதினொன்றாம் வகுப்பு படிக்கிறாள். போன வாரம் என் வரைவைப் படிக்கக் கொடுத்தேன். கான்சாஸில் அடிமைமுறை வேண்டுமா என்று செனட்டர் டக்ளஸும் லிங்கனும் மோதும் இடம் வந்ததும் நிறுத்தி, "மக்களே ஓட்டுப் போட்டு முடிவு பண்ணட்டும்னுதானே டக்ளஸ் சொல்றார்? நல்லதுதானேப்பா? லிங்கன் எதுக்கு அதைப் போய் எதிர்க்கிறார்?" என்று கேட்டாள். அவள் படித்ததில் தவறில்லை. தவறு நான் போட்ட சொல்லில் இருந்தது.

தமிழில் 'மக்கள்' என்றால் எல்லாரும் என்றுதான் காதில் விழும். 'இறையாண்மை' அரசமைப்பின் முகப்புரையில் நாம் தலைநிமிர்ந்து படிக்கும் சொல். இரண்டும் சேர்ந்தால் யாராலும் மறுக்க முடியாத ஒரு நல்ல பொருள் வந்து உட்கார்ந்துகொள்கிறது. 1850களின் அமெரிக்காவில் அந்தப் பெயரில் நடந்ததோ வேறு.

கதையைச் சுருக்கிச் சொல்கிறேன். 1820இல் ஓர் உடன்பாடு. மிசௌரி அடிமைமுறை உள்ள மாநிலமாகச் சேரும், மெய்ன் அது இல்லாத மாநிலமாகச் சேரும். பிரான்சிடம் விலைக்கு வாங்கிய மற்ற நிலத்தில், 36 பாகை 30 கலை அட்சக்கோட்டுக்கு வடக்கே அடிமைமுறை கூடாது. அந்தக் கோடு முப்பது ஆண்டுகளுக்கு மேல் தாங்கியது. 1846-48 போரில் மெக்சிகோவிடமிருந்து பெரும் நிலப்பரப்பு கைக்கு வரும் என்றானதும் பழைய சண்டை புதிதாகக் கிளம்பியது. அங்கே அடிமைமுறையைக் காங்கிரஸ், அதாவது அமெரிக்க நாடாளுமன்றம், தடுக்க வேண்டும் என்றார்கள் வடக்கில் பலர். அடிமை எங்கள் சொத்து, எங்கு வேண்டுமானாலும் கொண்டுபோவோம் என்றார்கள் தெற்கில். அப்போது நடுவழியாக வந்ததுதான் இந்தக் கோட்பாடு. 1847இல் மிச்சிகன் செனட்டர் லூயிஸ் காஸ் எடுத்து வைத்தார். பிறகு இல்லினாய் செனட்டர் ஸ்டீபன் டக்ளஸ் அதைத் தன் கொடியாகவே ஆக்கிக்கொண்டார். 1854 மே 30 அன்று கையெழுத்தான கான்சாஸ்-நெப்ராஸ்கா சட்டம் 1820இன் எல்லைக்கோட்டை அழித்துவிட்டு, அடிமைமுறை வேண்டுமா வேண்டாமா என்பதை அங்கே போய்க் குடியேறுகிறவர்களின் கையில் விட்டது.

சரி, முடிவெடுக்கும் அந்த 'மக்கள்' யார்? சட்டத்திலேயே எழுதியிருக்கிறது. முதல் தேர்தலில் ஓட்டுப் போட ஒருவர் அடிமையாக இருக்கக் கூடாது, வெள்ளையராக இருக்க வேண்டும், ஆணாக இருக்க வேண்டும், 21 வயது தாண்டியிருக்க வேண்டும், உண்மையிலேயே அங்கு குடியிருப்பவராக இருக்க வேண்டும். ஒரு மனிதனை விற்கலாமா, அவன் பிள்ளையைப் பிரிக்கலாமா என்பதுதான் கேள்வி. அந்த மனிதனை வெளியே நிறுத்திவிட்டு மற்றவர்கள் கை தூக்கி முடிவு செய்வார்கள். இதற்கு நாம் 'மக்கள் இறையாண்மை' என்று பெயர் எழுதுவதா?

லிங்கன் 1854 அக்டோபரில் பியோரியாவில் பேசும்போது இந்த இடத்தைத்தான் தொட்டார். வெள்ளையன் தன்னைத் தானே ஆண்டுகொண்டால் அது தன்னாட்சி. தன்னையும் ஆண்டு இன்னொரு மனிதனையும் ஆண்டால் அது தன்னாட்சியைத் தாண்டியது, கொடுங்கோன்மை என்றார். எனக்குத் தெரிந்து இந்தக் கோட்பாட்டுக்கு இதைவிடத் தெளிவான மறுப்பு இல்லை. 'மக்கள் இறையாண்மை' என்று எழுதிவிட்டு இந்த மேற்கோளை அடுத்துப் போட்டால் இரண்டும் ஒட்டவே ஒட்டாது. என் மகள் தடுக்கி விழுந்தது அங்கேதான்.

'அங்கு குடியிருப்பவர்' என்ற ஐந்தாவது நிபந்தனையும் காற்றில் போனது. 1855 மார்ச் 30 அன்று கான்சாஸ் சட்டமன்றத்துக்குத் தேர்தல். அதற்குச் சற்றுமுன் எடுத்த கணக்கின்படி ஓட்டுரிமை உள்ளவர்கள் 2,905 பேர். பதிவானவை 6,300க்கும் மேற்பட்ட ஓட்டுகள். பக்கத்து மிசௌரியிலிருந்து வண்டி கட்டிக்கொண்டு, துப்பாக்கியும் கூடாரமும் எடுத்துக்கொண்டு அடிமைமுறைக்கு ஆதரவான ஆட்கள் வந்து இறங்கினார்கள். லாரன்ஸ் என்ற ஊருக்கு மட்டும் ஆயிரம் பேரளவில் வந்து ஊரை ஒட்டிய ஓடைப்பள்ளத்தில் தங்கினார்கள். தங்கள் ஆளை அடையாளம் தெரிந்துகொள்ளச் சட்டையில் வெள்ளை நாடா குத்திக்கொண்டார்கள். ஓட்டைப் போட்டார்கள், திரும்பிப் போய்விட்டார்கள். இப்படித் தேர்வான சட்டமன்றம் அதே ஆண்டு ஒரு சட்டம் போட்டது: அங்கே அடிமை வைத்திருக்க யாருக்கும் உரிமை இல்லை என்று பேசினாலோ அச்சிட்டாலோ குறைந்தது இரண்டு ஆண்டுக் கடுங்காவல். மக்களின் முடிவுக்கு விடுகிறோம் என்று தொடங்கியது, மக்கள் வாய் திறந்தாலே குற்றம் என்பதில் வந்து நின்றது.

1856 மே மாதத்தில் நடந்தவை உங்களுக்குத் தெரிந்தவை. அடிமைமுறை ஆதரவாளர்கள் லாரன்ஸைச் சூறையாடினார்கள். மறுநாளே, கான்சாஸ் பற்றி அடிமைமுறைக்கு எதிராகப் பேசிய செனட்டர் சார்லஸ் சம்னரை, தென் கரோலினாவின் கீழவை உறுப்பினர் பிரெஸ்டன் புரூக்ஸ் செனட் அவைக்குள்ளேயே கைத்தடியால் அடித்து வீழ்த்தினார். அடுத்த இரண்டு நாளில் அடிமைமுறையை எதிர்த்து ஆயுதம் எடுத்த ஜான் பிரவுனின் ஆட்கள், கான்சாஸின் பாட்டவாட்டமி ஓடைக்கரையில் எதிர்த்தரப்பினர் ஐந்து பேரை வெட்டிக் கொன்றார்கள்.

எனக்கு இதையெல்லாம்விட மனத்தைக் குடைவது 1857 டிசம்பர் வாக்குச்சீட்டு. கான்சாஸ் மாநிலமாகச் சேர்வதற்காக அங்குள்ள லெகாம்ப்டன் என்ற ஊரில் எழுதிய அரசமைப்பை மக்கள் முன் வைத்தார்கள். 'அடிமைமுறையோடு கூடிய அரசமைப்பு' அல்லது 'அடிமைமுறை இல்லாத அரசமைப்பு', இரண்டில் ஒன்றுக்கு ஓட்டுப் போடலாம். இரண்டாவதைத் தேர்ந்தெடுத்தாலும் ஏற்கெனவே அங்கே இருக்கும் அடிமைகள் அடிமைகளாகவே இருப்பார்கள், புதிதாகக் கொண்டுவருவதுதான் நிற்கும். அரசமைப்பே வேண்டாம் என்று சொல்லச் சீட்டில் இடம் கிடையாது. டக்ளஸாலேயே இதைப் பொறுக்க முடியவில்லை. தன் கட்சிக் குடியரசுத் தலைவர் புக்கானனையே எதிர்த்து நின்றார். அந்த நேர்மையை நாம் அவருக்குக் கொடுத்துத்தான் ஆக வேண்டும்.

இப்போது அக்காவின் மறுப்புக்கு வருகிறேன்.

> சொல்லாக்கம் செய்பவர் தீர்ப்பு எழுதக் கூடாது. டக்ளஸ் தன் கோட்பாட்டுக்கு நல்ல பெயர் வைத்தார் என்றால், அந்த நல்ல பெயரைத் தமிழில் தருவதுதான் நம் வேலை. ஆங்கிலத்திலும் அது ஏமாற்றும் பெயர்தானே?

இதை இரண்டு நாள் யோசித்தேன். பாதி ஒப்புக்கொள்கிறேன். டக்ளஸ் மேடையில் பேசுவதை மேற்கோளாகக் கொடுக்கும் இடத்தில் 'மக்கள் இறையாண்மை' என்றே இருக்கட்டும். அங்கே அவர் வாயில் வேறு சொல்லைத் திணிப்பது பொய்யாகிவிடும். ஆனால் வரலாற்றை நாமே சொல்லிக்கொண்டு போகும் இடத்திலும், சொற்பட்டியலின் தலைச்சொல்லிலும், யார் எதை முடிவு செய்தார்கள் என்பது தெரிய வேண்டும். அங்கே என் பரிந்துரை 'குடியேறியோர் முடிவுரிமை'. 'முடிவு' என்றால் சாவு என்றும் பொருள்படுமே என்று ஒருவர் எழுதியிருந்தார். தனியாக நின்றால் அப்படித் தோன்றலாம். 'குடியேறியோர்' முன்னால் வரும்போது அந்த மயக்கம் இல்லை. 'தன்னாட்சி'யை நான் தவிர்ப்பதற்குக் காரணம் லிங்கன்தான். அவர் எதிராக எடுத்து வைக்கும் சொல்லே அது.

அந்தக் காலத்தில் எதிராளிகள் இதை 'ஸ்குவாட்டர் சாவரன்டி' என்று இளக்காரமாகச் சொன்னார்கள். அதற்கு 'வந்தேறி ஆட்சி' என்று வந்த பரிந்துரை வேண்டாம். 'வந்தேறி' ஒருவரின் பூர்வீகத்தைப் பார்த்து வீசும் சொல். 'ஸ்குவாட்டர்' அப்படியல்ல, உரிமைப் பத்திரம் இல்லாத நிலத்தில் குடிசை போட்டு உட்கார்ந்தவர். நம் ஊரில் இதற்குக் கச்சிதமான பேச்சு இருக்கிறது: பட்டா இல்லாதவர். 'பட்டா இல்லாதோர் இறையாண்மை' என்றால் அந்த இளக்காரமும் தமிழில் அப்படியே வந்துவிடுகிறது.

இதே சட்டத்தில் இன்னொரு கண்ணிவெடி, 'டொமஸ்டிக் இன்ஸ்டிடியூஷன்ஸ்'. மக்கள் தங்கள் 'டொமஸ்டிக் இன்ஸ்டிடியூஷன்ஸை' தங்கள் விருப்பப்படி அமைத்துக்கொள்ளலாம் என்கிறது சட்டம். ஒரு வரைவில் இதை 'உள்நாட்டு நிறுவனங்கள்' என்று பார்த்தேன். படிப்பவர் ஏதோ தொழில் நிறுவனம் என்றுதான் நினைப்பார். அது அடிமைமுறையைப் பெயர் சொல்லாமல் சொல்லும் மூடுமொழி. 'உள் ஏற்பாடுகள்' என்று எழுதி, அடிமைமுறையைக் குறித்தது என்று அங்கேயே ஒரு வரி சேர்க்கலாம். 1787இல் எழுதிய அரசமைப்பிலேயே 'அடிமை' என்ற சொல்லைப் போடாமல் 'மற்ற ஆட்கள்', 'வேலைக்குக் கட்டுப்பட்ட ஆள்' என்று சுற்றி வளைத்திருக்கிறார்கள். 1861இல் பிரிந்துபோன தெற்குக் கூட்டமைப்புதான் தன் அரசமைப்பில் அந்தச் சொல்லை வெளிப்படையாக எழுதியது.

அப்புறம், எல்லா இடத்திலும் 'அடிமைமுறை' என்றே எழுதுவோம். 'அடிமைத்தனம்' வேண்டாம். சோம்பேறித்தனம், கோழைத்தனம் போல அது அடிமைப்பட்டவரின் குணம் மாதிரி ஒலிக்கிறது. குற்றம் அவர்மேல் இல்லை.

கோட்பாடு எப்படிச் செத்தது என்பதும் குறிப்பில் வர வேண்டும். 1857 மார்ச்சில், டிரெட் ஸ்காட் என்ற அடிமை விடுதலை கேட்டுத் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம், மாநிலமாகாத பகுதிகளில் காங்கிரசுக்கு அடிமைமுறையைத் தடுக்க அதிகாரம் இல்லை என்றது. அப்படியானால் அங்குள்ள குடியேறிகள் மட்டும் எப்படித் தடுக்க முடியும் என்று 1858இல் செனட் இடத்துக்கான போட்டியில் நடந்த ஃப்ரீபோர்ட் விவாதத்தில் லிங்கன் டக்ளஸை மடக்கினார். உள்ளூர்க் காவல் விதிகள் துணை நிற்காவிட்டால் அடிமைமுறை ஒருநாள்கூட நிலைக்காது என்று டக்ளஸ் சமாளித்தார். தெற்கு இதை மன்னிக்கவில்லை. பட்டினி கிடந்து செத்த புறாவின் நிழலை வேகவைத்து எடுத்த சூப்பு போல அந்தக் கோட்பாடு நீர்த்துப்போய்விட்டது என்றார் லிங்கன், அதே ஆண்டு குவின்சியில் நடந்த விவாதத்தில். 1860இல் சார்ல்ஸ்டன் மாநாட்டில் டெமாக்ரடிக் கட்சி இதே கேள்வியில் உடைந்தது, குடியரசுத் தலைவர் தேர்தலில் எதிரணி ஓட்டுகள் சிதற லிங்கன் 40 விழுக்காட்டுக்கும் சற்றுக் குறைவான ஓட்டில் வென்றார். டிசம்பர் 20 அன்று தென் கரோலினா பிரிந்தது. 1861 ஏப்ரல் 12 அன்று அங்கேயுள்ள சம்டர் கோட்டைமீது தெற்கின் குண்டு விழுந்து போர் தொடங்கியது. நான்கு ஆண்டுப் போரில் ஆறு லட்சத்துக்கும் மேற்பட்டோர் மாண்டார்கள்.

ஆக, தலைச்சொல் பதிவு இப்படி இருக்கலாம்:

குடியேறியோர் முடிவுரிமை: மாநிலமாகாத பகுதிகளில் அடிமைமுறை இருக்கலாமா என்பதைக் காங்கிரஸ் அல்லாமல் அங்கே குடியேறிய வெள்ளை ஆண்களே ஓட்டுப் போட்டு முடிவு செய்யலாம் என்ற அமெரிக்கக் கோட்பாடு. 1847 முதல் 1860 வரை. ஆதரவாளர் வழக்கு: மக்கள் இறையாண்மை. எதிர்ப்பாளர் வழக்கு: பட்டா இல்லாதோர் இறையாண்மை.

'டெரிட்டரி'க்கு 'மாநிலமாகாத பகுதி' என்று எழுதியிருக்கிறேன். 'யூனியன் பிரதேசம்' என்றால் வாசகர் புதுச்சேரியை நினைப்பார். 'ஆட்புலம்' என்றால் எந்த அரசின் நிலமும் அதில் அடங்கிவிடும். இதைவிடச் சுருக்கமாக ஒன்று கிடைத்தால் மாற்றிக்கொள்ளத் தயார்.

நேற்று புதுச்சொல்லைப் போட்டு வரைவை மகளிடம் மறுபடி கொடுத்தேன். டக்ளஸைப் பற்றி இந்த முறை ஒன்றும் கேட்கவில்லை. "குடியேறியோர்னா, அதுக்கு முன்னாடி அங்க யாருப்பா இருந்தாங்க?" என்றாள். ஷானி, டெலவேர் என்ற பூர்வகுடி மக்கள் இருந்தார்கள். கிழக்கிலிருந்து துரத்தப்பட்டு, இது இனி உங்கள் நிலம் என்ற வாக்குறுதியோடு அங்கே கொண்டுவந்து விடப்பட்டவர்கள். 1854 மே மாதத்தில், அந்தச் சட்டம் கையெழுத்தாவதற்குச் சில வாரங்கள் முன்பு, அந்த நிலத்தின் பெரும்பகுதியை ஒப்பந்தம் போட்டு அவர்களிடமிருந்து எழுதி வாங்கிவிட்டார்கள். என் வரைவில் அவர்களைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. இப்போது ஒரு பத்தி எழுதிக்கொண்டிருக்கிறேன். அவர்களுக்கு மிஞ்சிய நிலத்தைக் குறிக்கும் 'ரிசர்வேஷன்' என்ற சொல்லில் வந்து நிற்கிறேன். 'இடஒதுக்கீடு' என்று எழுத முடியாது. 'ஒதுக்கு நிலம்' என்று இப்போதைக்குப் போட்டிருக்கிறேன். ஐயாவும் அக்காவும் பார்த்துச் சொல்லுங்கள்.