மருந்து கெட்டிக்கும் துப்பாக்கியில் மான் வேட்டைக்கு எந்தக் குண்டு?

கீழக்கரைக்காரன்:

பென்சில்வேனியாவில் வேலை பார்க்கும் நான் இப்போது விடுப்பில் ஊருக்கு வந்திருக்கிறேன். அங்கே அக்டோபர் மாதத்தில், குழலின் வாய்வழியாக வெடிமருந்து கெட்டிக்கும் துப்பாக்கிகளுக்கென்று தனி மான் வேட்டைப் பருவம் உண்டு. சென்ற ஆண்டு உரிமம் பெற்றுப் போயிருந்தேன். என்னுடையது 50 காலிபர், அதாவது குழலின் உள்விட்டம் அரை அங்குலம். குண்டைச் சுழல வைக்கக் குழலுக்குள் வெட்டியிருக்கும் உள்வரி 28 அங்குலத்துக்கு ஒரு சுற்றுச் சுற்றுகிறது. பிளாஸ்டிக் உறைக்குள் பொதிந்த 250 கிரெய்ன் (ஏறத்தாழ 16 கிராம்) குண்டையும், கரிமருந்துக்கு மாற்றான தூளில் 100 கிரெய்ன் அளவையும் கெட்டித்து, ஏறத்தாழ 70 கஜத்தில் நின்ற பெட்டை மானைச் சுட்டேன். அது துள்ளி ஓடிவிட்டது. சருகின் மேல் நாலைந்து சொட்டு இரத்தம் இருந்தது. இருட்டும் வரையிலும் மறுநாள் பகல் முழுவதும் தேடியும் மான் கிடைக்கவில்லை. ஓர் உயிரைக் காயப்படுத்தி விட்டுவிட்டோமே என்ற வருத்தம் இன்னும் ஆறவில்லை.

மேடையில் வைத்துச் சுட்டுப் பழகியபோது குண்டுகள் ஓர் உள்ளங்கைக்குள் விழுந்தன. முதல் குண்டு மட்டும் நாலு அங்குலம் தள்ளி, மேலே இடப்பக்கம் போகும். குழல் சூடேறுவதற்கான குண்டு அது என்று கணக்கில் சேர்க்கவில்லை. இந்த ஆண்டு 300 கிரெய்னுக்கு மேல் கனமான குண்டுக்கு மாறலாமா? மச்சான் வலைக்கு ஈயம் வார்ப்பதைப் பார்த்தபோது, அங்கே போய் நானே குண்டு வார்த்துக்கொள்ளலாமா என்றும் தோன்றியது. வீட்டில் தாத்தாவின் பழைய நாட்டுத் துப்பாக்கி இருக்கிறது. அதில் இங்கேயே பழகிப் பார்க்கலாமா?

தேவிபட்டினத்தார்:

தம்பி, 12 ஆண்டுகள் மிச்சிகனில் இருந்து இந்தத் துப்பாக்கியோடு காட்டில் நடந்தவன் என்ற உரிமையில் சொல்கிறேன். குண்டை மாற்றுவதற்கு முன்னால், நீங்கள் கணக்கில் சேர்க்காத அந்த முதல் குண்டைப் பாருங்கள். காட்டில் நீங்கள் சுடுவது அதை மட்டும்தான். துடைத்து எண்ணெய் பூசிய, குளிர்ந்த குழலிலிருந்து புறப்படும் ஒரே குண்டு அது. வெள்ளைவால் மானின் இதயமும் நுரையீரலும் சேர்ந்த பகுதி ஏறத்தாழ எட்டு அங்குல அகலம் இருக்கும். அதன் நடுவைக் குறிவைத்த குண்டு நாலு அங்குலம் விலகினால், அந்தப் பகுதியின் விளிம்பைத்தான் தொடும். உங்கள் மான் கிடைக்காமல் போனதற்கு இதுவே காரணமாக இருக்கலாம் என்று எனக்குப் படுகிறது.

ஆகவே இப்படிச் சோதியுங்கள். வேட்டைக்குப் போகும் நாளில் எப்படித் துடைப்பீர்களோ அப்படியே துடைத்து, ஆல்கஹால் நனைத்த துணியால் எண்ணெயை எடுத்து, உலர்ந்த துணியை ஒருமுறை ஓட்டிவிட்டு, ஒரே ஒரு குண்டைச் சுட்டு வீட்டுக்கு வந்துவிடுங்கள். ஐந்து வெவ்வேறு நாட்களில் ஒரே தாளில் இப்படி ஐந்து குண்டுகள் விழ வேண்டும். அந்த ஐந்தும் ஆறு அங்குலத் தட்டுக்குள் அடங்கும் தூரம் எதுவோ, அதைத் தாண்டி மானைச் சுடாதீர்கள். மருந்தைக் கிண்ண அளவால் அளந்து, ஒவ்வொரு முறையும் ஒரே அழுத்தத்தில் கெட்டியுங்கள். கெட்டிக்கும் கம்பியில் ஒரு கோடு போட்டு வைத்தால், குண்டு மருந்தின் மேல் முழுவதும் அமர்ந்ததா என்று தெரியும். இடைவெளி விட்டுச் சுட்டால் குழல் வீங்கிவிடும், வெடிக்கவும் கூடும்.

28 அங்குலச் சுற்று நீளமான குண்டுகளுக்கென்றே அமைந்தது. துணி சுற்றிய உருண்டைக் குண்டுக்கு 48 முதல் 66 அங்குலம் வரையிலான மெதுவான சுற்றுதான் ஏற்றது. உங்கள் குழலில் அதற்கு மருந்தை நன்றாகக் குறைக்க வேண்டியிருக்கும். 300 கிரெய்ன் குண்டு உங்கள் குழலில் நிலையாகப் பறக்கும், ஆனால் தோளில் உதை கூடும். தூரம் கூடக்கூட 250 கிரெய்னைவிட வேகமாகத் தாழவும் செய்யும். குண்டு உடலுக்குள் பாய்ந்ததும் சரியாக விரிகிறதா என்று பார்க்க, தண்ணீர் நிரப்பிய பால் குடுவைகளை ஒன்றன்பின் ஒன்றாக வரிசையாக வைத்து, வழக்கமான தூரத்தில் சுட்டு, குண்டை எடுத்து எடை போடுங்கள். 250 கிரெய்ன் போய் 150 கிரெய்ன்தான் மிஞ்சியது என்றால் அது உள்ளே நொறுங்குகிறது என்று பொருள். நான் கடைசியில் செம்புக் குண்டுக்கு மாறிவிட்டேன். காட்டில் விட்டுவரும் குடலைத் தின்று ஈய நஞ்சால் கழுகுகள் சாவதை அறிந்த பிறகு மனம் ஒப்பவில்லை.

மண்டபம் தம்பி:

காக்கா, ஈயத்தைப் பற்றி மட்டும் நான் சொல்கிறேன். எங்கள் வீட்டில் வலைக்கு வார்ப்பது என் வேலை. வலைக் குண்டுக்குக் கிடைத்த ஈயத்தையெல்லாம் உருக்கிப் போடுகிறோம். வலைக்கு எடை இருந்தால் போதும். வரிகளில் நேராகப் பதிய வேண்டிய குண்டுக்கு மென்மையான, தூய ஈயம் வேண்டும். நகத்தால் கீறினால் கோடு விழ வேண்டும். சிமெண்டுத் தரையில் போட்டால் தொப்பென்று விழ வேண்டும். ஆன்டிமணி என்ற பொருள் கலந்த கடின ஈயம் கணீரென்று ஒலிக்கும். பிளாஸ்டிக் உறைக்குள் வைப்பதென்றால் அது ஓரளவுக்கு ஆகும். பழைய பேட்டரித் தகடுகளை மட்டும் உருக்கவே உருக்காதீர்கள், அதிலிருந்து நச்சு வாயு கிளம்பும். ஈயம் 327 டிகிரி செல்சியஸில் உருகும். அப்போது ஒரு சொட்டு வியர்வை சட்டிக்குள் போய்ச் சிக்கினாலும் ஈயம் தெறிக்கும். என் இடது மணிக்கட்டில் மிளகு அளவுக்கு இரண்டு தழும்புகள் இருக்கின்றன.

தொண்டி வழக்குரைஞர்:

தாத்தாவின் துப்பாக்கியைப் பழகுவதற்கென்று எடுக்க வேண்டாம். நாட்டுத் துப்பாக்கிக்கும் 1959 ஆயுதச் சட்டப்படி உரிமம் தேவை. தாத்தாவின் பெயரிலிருந்த உரிமம் உங்களுக்குச் செல்லாது. அவர் காலமாகியிருந்தால் காவல் நிலையத்தில் தெரிவித்து ஒப்படைப்பது முதல் வேலை. இங்கே மானைச் சுடுவது 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம் என்பதைச் சொல்லவே தேவையில்லை.

கீழக்கரைக்காரன்:

அண்ணனுக்கும் மற்றவர்களுக்கும் நன்றி. சென்ற ஆண்டு சுட்ட தாள்களைத் தேதி எழுதி வைத்திருந்தேன். மனைவியிடம் சொல்லி அங்கிருந்து படம் எடுத்து அனுப்பச் சொன்னேன். ஆறு தாள்களில் ஐந்தில் முதல் ஓட்டை ஒரே மூலையில் தனியாக நிற்கிறது. குண்டை இப்போதைக்கு மாற்றப் போவதில்லை. திரும்பிப் போனதும் நாளுக்கு ஒரு குண்டாகச் சுட்டுப் பார்த்து, ஐந்தாம் நாள் தாளை இங்கே பதிகிறேன். தாத்தாவின் துப்பாக்கி பற்றி நாளை காலை காவல் நிலையத்தில் பேசுகிறோம், வாப்பாவும் உடன் வருகிறார்.