தூர்தர்ஷன் செய்திகள் பதிவான பழைய வீடியோ கேசட்டுகள்: கணினியில் ஏற்றுவது எப்படி?

ராயபுரம் படிப்பகம்

வணக்கம். எங்கள் படிப்பகத்துக்கு ஒரு அட்டைப்பெட்டி நிறைய விஎச்எஸ் கேசட் நன்கொடையாக வந்திருக்கிறது. மொத்தம் 20, எல்லாமே இ-180 (மூன்று மணிநேர டேப்). சென்னைத் தூர்தர்ஷனின் தமிழ்ச் செய்தியும் தில்லியிலிருந்து வந்த இரவுச் செய்தியும் பதிவானவை என்று கொடுத்தவர்கள் சொன்னார்கள். 80களின் கடைசி, 90களின் தொடக்கமாக இருக்கலாம். லேபிளில் வெறுமனே "நியூஸ்" என்றுதான் எழுதியிருக்கிறது. பெட்டி வருஷக்கணக்கில் கடலோரத்து மொட்டைமாடி அறையில் கிடந்திருக்கிறது. நாலைந்து கேசட்டில் டேப் ஓரம் வெள்ளையாகப் பூத்திருப்பது ஜன்னல் வழியே தெரிகிறது.

கேசட்டை ஓட்ட என்ன டெக் (விசிஆர்) வாங்குவது? ஆன்லைனில் மலிவாக விற்கும் யுஎஸ்பி கேப்சர் (டேப் படத்தைக் கணினியில் ஏற்றும் கருவி) போதுமா? தேதியை எப்படிக் கண்டுபிடிப்பது? யூடியூபில் போட்டால் சிக்கல் வருமா? விவரம் தெரிந்த தோழர்கள் சொல்லுங்கள்.

டிரம்_ஹெட்

முதல் வேலை, பூத்திருக்கும் கேசட்டுகளைத் தனியாக எடுத்து ஜிப் கவரில் போட்டு மூடுங்கள். அது பூஞ்சை. ஒன்றை ஓட்டினாலே டெக்கில் டேப்பைப் படிக்கும் ஹெட்டில் ஒட்டிக்கொண்டு அடுத்து போடும் நல்ல கேசட்டுக்கும் போகும். என்95 மாஸ்க், கையுறை இல்லாமல் தொடவேண்டாம்.

ஈரமாக இருக்கும்போது துடைத்தால் பூஞ்சை டேப் மேல் இழுவிவிடும். காற்றுப் புகாத டப்பாவில் ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல்லோடு ஒன்றிரண்டு வாரம் வையுங்கள். நிறம் மாறும் ஜெல் வாங்கினால் எப்போது மாற்றவேண்டும் என்று அதுவே காட்டும். காய்ந்தால் பூஞ்சை பொடியாகிவிடும். அதன்பின் திறந்தவெளியில் கேசட்டின் அடிப்பக்கத்து 5 ஸ்க்ரூவைக் கழற்றி, மேல்மூடியைத் தூக்கி, டேப் சுற்றின் ஓரத்தை மென்மையான பிரஷால் தட்டி எடுங்கள். மூடியிலுள்ள ஸ்பிரிங் தெறித்துப் போகும், கவனம். திறந்ததும் ஒரு போட்டோ எடுத்து வைத்தால் டேப் எந்த உருளையைச் சுற்றிப் போகிறது என்று பிறகு குழம்பாது. இரண்டு ரீலையும் சுத்தமான வேறொரு கூட்டுக்கு மாற்றிவிடுவது இன்னும் நல்லது.

எல்லாக் கேசட்டிலும், லேபிள் ஒட்டும் பக்கத்தின் ஓரத்தில் இருக்கும் சின்ன பிளாஸ்டிக் லாக்கை உடைத்துவிடுங்கள். கை தவறி ரெக்கார்ட் அழுத்தினாலும் அழியாது.

டெக்குக்குப் பர்மா பஜார், மூர் மார்க்கெட், ரிச்சி தெரு மூன்றிலும் விசாரிக்கலாம். நன்றாக ஓடும் என்று தெரிந்த, ஆனால் போனால் கவலையில்லாத ஒரு சினிமாக் கேசட்டைக் கையோடு கொண்டுபோய், காசு கொடுக்கும் முன் ஓட்டிப் பாருங்கள். பிளே, முன்னோட்டம், பின்னோட்டம், எஜெக்ட் நான்கும் வேலை செய்யவேண்டும். உள்ளே இழுத்த கேசட்டை உடனே துப்பினால் பெரும்பாலும் மோட் ஸ்விட்ச் (டெக் எந்த நிலையில் இருக்கிறது என்று அதற்கே காட்டும் ஸ்விட்ச்) அழுக்கு. சுற்றும்போது திணறினால் ரீலைச் சுற்றும் ஐட்லர் ரப்பர் வழுக்குகிறது. டேப் ஓரம் மடங்கி வெளியே வந்தால் டேப்பை அழுத்தி இழுக்கும் பிஞ்ச் ரோலர் இறுகிப்போயிருக்கிறது. அந்த டெக் வேண்டவே வேண்டாம்.

ஹெட்டைத் துடைக்க 99 சதவீத ஐசோபுரொப்பைல் ஆல்கஹால். மெடிக்கல் ஷாப் ஸ்பிரிட்டில் தண்ணீர் உண்டு, சிலவற்றில் எண்ணெய்ப் பசையும் உண்டு. வெள்ளை ஜெராக்ஸ் காகிதத்தை நனைத்து, ஹெட் பொருத்திய டிரம்மின் மேல் அசையாமல் பிடித்துக்கொண்டு, டிரம்மைக் கையால் சுற்றுங்கள். காகிதத்தை மேலும் கீழும் தேய்த்தால் ஹெட் முனை உடையும். காது குடையும் பஞ்சு வேண்டாம், நூல் ஹெட்டில் மாட்டும்.

மணலி மின்சாரம்

வெயிலில் ஒரு நாள் வைத்தால் பூஞ்சை போய்விடாதா? சிலர் ஓவனில் வைத்து எடுக்கிறார்களே?

டிரம்_ஹெட்

ஓவன் வைத்தியம் சில பழைய ஒலிநாடாக்களுக்கு, அதுவும் குறைந்த, சீரான சூட்டில் செய்வது. பூஞ்சைக்கு அது மருந்தில்லை. சித்திரை வெயிலில் கேசட் கூடு நெளியும், டேப் சுற்றும் இறுகும். நிழலில் சிலிக்கா ஜெல்தான்.

கேப்சர் கார்த்தி

கேப்சர் பக்கம் சொல்கிறேன். மலிவு யுஎஸ்பி குச்சி படம் காட்டும், ஆனால் பழைய டேப்பின் தள்ளாட்டத்தைத் தாங்காது. விஎச்எஸ் சிக்னலில் ஒவ்வொரு வரியும் கொஞ்சம் முன்னே பின்னே வரும். கருவி அதைப் பிடிக்க முடியாமல் ஃபிரேமைக் கைவிடும். அரைமணியில் வாசிப்பவரின் உதடு ஒரு பக்கம், குரல் ஒரு பக்கம் போகும். டெக்குக்கும் கேப்சருக்கும் நடுவில் பழைய டிவிடி ரெக்கார்டர் ஒன்றை வைத்து சிக்னலை அதன் வழியாக விட்டால் வரிகள் நேராகும். பானசோனிக் டிஎம்ஆர்-இஎஸ்10, இஎஸ்15 இரண்டும் இதற்குப் பேர்போனவை. எல்லா டிவிடி ரெக்கார்டரும் இதைச் செய்யாது. படத்தின் மேல்பகுதி கொடி மாதிரி வளைவது நின்றதா என்று பார்த்து வாங்குங்கள்.

மென்பொருள் வர்ச்சுவல்டப்2. அமைப்பு: பால் (இந்திய டிவி முறை), 720 x 576, நொடிக்கு 25 ஃபிரேம், ஹஃப்ஒய்யுவி (தரம் குறையாத சுருக்கம்), ஒலி 48 கிலோஹெர்ட்ஸ் 16 பிட். ஒரு மணிக்கு 30 முதல் 37 ஜிபி வரும். இ-180 ஒன்றுக்கு 100 ஜிபி என்று வைத்தால் உங்கள் பெட்டிக்கு 2 டிபி. எல்பி எனும் பாதி வேகத்தில் பதிந்திருந்தால் நேரம் இரட்டிப்பு. அதனால் 4 டிபி டிஸ்க் இரண்டு, ஒன்று வேறு கட்டிடத்தில்.

ஓட்டுவதற்கு முன் கேசட்டை ஒருமுறை கடைசிவரை முன்னோட்டி, பின்னோட்டுங்கள். பல வருஷம் அப்படியே இருந்த சுற்று தளரும். பிறகு ஒவ்வொரு கேசட்டுக்கும் டெக்கின் டிராக்கிங் (ஹெட்டை டேப்பின் தடத்தோடு பொருத்தும் அமைப்பு) திருகி, திரையடியில் கோடு குறைந்தபின் பதிவைத் தொடங்குங்கள். மென்பொருளின் ஒளி அளவு வரைபடமான ஹிஸ்டோகிராமில் வெள்ளை 235க்கு மேல் போகாமல் கான்ட்ராஸ்டைக் குறையுங்கள்; வெள்ளைச் சட்டையில் விவரம் ஒருமுறை எரிந்தால் மீளாது. இன்டர்லேஸை (ஒரு ஃபிரேமை ஒற்றை, இரட்டை வரிகளாகப் பிரித்துக் காட்டும் முறை) அப்படியே விடுங்கள். பார்ப்பதற்கான பிரதியில் மட்டும் நீக்கி நொடிக்கு 50 ஃபிரேமாக எச்.264ல் மாற்றலாம். மூலப் பதிவை எஃப்எஃப்வி1ஆக மாற்றி வைத்தால் தரம் குறையாமல் இடம் கொஞ்சம் மிஞ்சும்.

முக்கியமாக, செய்தி முடிந்ததும் நிறுத்தாதீர்கள். வீட்டுக் கேசட்டில் ஒன்றின் மேல் ஒன்று பதிவது வழக்கம். புதிய பதிவு முடியும் இடத்தில் பழைய பதிவின் மிச்சம் தலைகாட்டும். டேப் முடியும்வரை ஓடட்டும்.

யுபிஎஸ் இல்லாமல் ஆரம்பிக்க வேண்டாம். நம்ம ஏரியா கரண்ட் பற்றித் தெரியாதா என்ன.

பழைய நாளிதழ்

தேதி விஷயம். வாசிப்பவரை வைத்து ஆண்டு சொல்ல முயலவேண்டாம். ஷோபனா ரவி, வரதராஜன், ஃபாத்திமா பாபு எல்லாரும் பல வருஷம் வாசித்தவர்கள். பதவிப் பெயர்களைக் கேளுங்கள்.

முதல்வர் ஜானகி என்றால் 1988 ஜனவரி, ஒரே மாதம். அதன்பின் ஆளுநர் ஆட்சி, 1989 ஜனவரி 27 அன்று கருணாநிதி பதவியேற்கும் வரை. 1991 ஜனவரி 30 முதல் மறுபடியும் ஆளுநர் ஆட்சி, ஜூன் 24 அன்று ஜெயலலிதா வரும்வரை. இந்த இரண்டையும்தான் குழப்பிக்கொள்வார்கள். ஆளுநர் பி.சி. அலெக்சாண்டர் என்றால் முந்தையது, பீஷ்ம நாராயண் சிங் என்றால் பிந்தையது. தில்லிச் செய்தியில் சரிபார்க்கலாம்: முந்தையதில் பிரதமர் ராஜீவ், பிந்தையதில் பெரும்பாலும் சந்திரசேகர். வி.பி. சிங் பிரதமர் என்றால் 1989 டிசம்பர் 2க்கும் 1990 நவம்பர் 10க்கும் நடுவில்.

மாதம் வரை வந்துவிட்டால், தலைப்புச் செய்தி மூன்றைக் குறித்துக்கொண்டு எழும்பூர் கன்னிமாரா நூலகத்தில் அந்த மாதத்து நாளிதழ்களைப் புரட்டுங்கள். இரவில் வாசித்தது மறுநாள் காலை அச்சில் இருக்கும். ஆகவே பேப்பர் தேதியிலிருந்து ஒரு நாள் கழிக்கவேண்டும். விளையாட்டு முடிவுகள்தான் சீக்கிரம் பொருந்தும். அரசியல் அறிக்கை நாலு நாளும் ஒரே மாதிரி இருக்கும்.

சட்டப்புள்ளி

பதிப்புரிமைச் சட்டம் 37ஆம் பிரிவின்படி ஒளிபரப்பு மறுபதிப்பு உரிமை, ஒளிபரப்பான ஆண்டுக்கு அடுத்த ஆண்டுத் தொடக்கத்திலிருந்து 25 ஆண்டு. 1990 செய்திக்கு அது 2015இலேயே முடிந்துவிட்டது. ஆனால் செய்திக்குள் வரும் படச்சுருளுக்குத் தனியாக 60 ஆண்டு உண்டு. ஆகவே யூடியூபில் முழுசாக ஏற்றும் முன் தூர்தர்ஷனை நடத்தும் பிரசார் பாரதிக்கு எழுதிக் கேளுங்கள். லாபநோக்கில்லாத பொது நூலகம் தன்னிடம் உள்ள பிரதியைப் பாதுகாப்புக்காக மின்வடிவில் சேமிக்க அதே சட்டத்தின் 52(1)(என்) இடம் தருகிறது. வீட்டில் பதிந்த கேசட்டுக்கு அது பொருந்துமா என்பதில் வாதத்துக்கு இடமுண்டு, என்றாலும் படிப்பகத்துக்குள் வைத்துக்கொள்ள அதுவே உங்கள் பிடிமானம்.

ராயபுரம் படிப்பகம்

எல்லாருக்கும் நன்றி. கோப்புக்குப் பெயர் எப்படி வைப்பது? ஒரே கேசட்டில் பல நாள் செய்தி இருக்கும் போல.

கேப்சர் கார்த்தி

கேசட் எண்ணில் வையுங்கள், தேதியில் வேண்டாம். தேதி பிறகு மாறலாம். அதே எண்ணைக் கேசட் கூட்டிலும் பென்சிலில் எழுதுங்கள். உள்ளே எந்த நிமிடத்தில் எந்த நாள் என்பது தனி அட்டவணையில்.