ஈயச் சிப்பாய்களும் இரண்டு சென்ட் காசுகளும்

குழு: டர்பன் வீட்டுக் கூட்டம்

[சனி, மாலை 5:40] அக்கா: தம்பி, புதுமனை புகுவிழாவுக்கென்று ஜோகன்னஸ்பர்க் போனவன் காலையிலிருந்து ஒரு வார்த்தை போடவில்லையே. விழா நல்லபடியாக முடிந்ததா, அல்லது வழக்கம்போல் ஏதாவது பழைய சாமான் கடையில் தரையில் உட்கார்ந்திருக்கிறாயா?

[சனி, மாலை 5:52] நான்: விழா காலை எட்டு மணிக்கே முடிந்துவிட்டது அக்கா. நீங்கள் இரண்டாவதாகச் சொன்னதும் உண்மைதான். நான் தங்கியிருக்கும் வீட்டுக்குப் பக்கத்தில் ஹாஸ்பிஸ் (இறுதிக்கால நோயாளிகளைப் பராமரிக்கும் அமைப்பு) நடத்தும் பழம்பொருள் கடை ஒன்று இருக்கிறது. இறந்துபோனவர்களின் வீட்டைக் காலி செய்கிறவர்கள் பெட்டி பெட்டியாகக் கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் போகும் இடம் அது. பீங்கான் தட்டுகளுக்கு அடியில் பேக்கர்ஸ் பிஸ்கட் தகர டப்பா ஒன்று இருந்தது. தூக்கிப் பார்த்தால் பிஸ்கட் டப்பாவைவிட மிக அதிகக் கனம். திறந்தேன், உள்ளே பழைய செய்தித்தாளில் சுற்றிய ஈயச் சிப்பாய்கள். எண்ணியபோது 46 உருவங்கள் இருந்தன. மூடியில் ஒட்டியிருந்த விலை 180 ராண்ட்.

[சனி, மாலை 5:55] அக்கா மகன்: மாமா, 46 உருவம் 180 ராண்டா? போன மாதம் நீங்கள் வாங்கிய பிளாஸ்டிக் பெட்டிக்கே 800 ராண்டுக்கு மேல் கொடுத்தீர்களே.

[சனி, மாலை 6:03] மாமா: கணக்குப்படி ஒரு சிப்பாய்க்கு நான்கு ராண்டுகூட ஆகவில்லை. ஆனால் மலிவாகக் கிடைக்கிறது என்பதற்காக வாங்கி, பிறகு எதற்கும் பயன்படாமல் அலமாரியில் அடுக்கிவைப்பது உன் பழைய வியாதி. இது உன்னிடம் ஏற்கெனவே இருக்கும் படைக்குப் பொருந்துமா?

[சனி, மாலை 6:20] நான்: சரியான இடத்தில்தான் கை வைக்கிறீர்கள் மாமா. சிறு சிப்பாய்களை மேசைமேல் நிறுத்திப் போர் விளையாடும் இந்தப் பொழுதுபோக்கில் மலிவு ஏமாற்றுவதே அளவில்தான். இன்று கடைகளில் வரும் 28 மில்லிமீட்டர் உருவங்கள் தடித்தவை, தலை பெரியவை. 1970களில் 25 மில்லிமீட்டர் என்று வார்த்தவை மெலிந்தவை, சற்றுக் குட்டையானவை. இரண்டையும் ஒரே வரிசையில் நிறுத்தினால் அப்பாவும் பள்ளிக்கூடப் பிள்ளையும் சேர்ந்து போருக்குப் புறப்பட்டதுபோல் இருக்கும். உண்மை அளவில் 72இல் ஒரு பங்கான 1:72 பிளாஸ்டிக் சிப்பாயின் உயரமோ ஏறக்குறைய 24 மில்லிமீட்டர். டப்பாவில் இருப்பவை அந்தப் பழைய 25 வகை. ஆகவே புதுப் படையோடு சேரா, என்னிடம் உள்ள 1:72 வண்டிகளோடும் கோவேறு கழுதைகளோடும் சேரும். கடையிலேயே சட்டைப்பையில் இருந்த ஒரு பிளாஸ்டிக் ஆளை எடுத்துப் பக்கத்தில் நிறுத்திப் பார்த்த பிறகுதான் பணம் கொடுத்தேன். பணப்பெட்டியில் இருந்த அம்மையார் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

[சனி, மாலை 6:24] அத்தை: சட்டைப்பையில் பொம்மையோடு கிரகப்பிரவேசத்துக்குப் போனாயா?

[சனி, மாலை 6:25] நான்: ஆமாம் அத்தை. அளவுகோல் இல்லாமல் நான் எங்கும் போவதில்லை.

[சனி, மாலை 6:41] நான்: முக்கியமான செய்தியை இன்னும் சொல்லவில்லை. எல்லாம் போயர் போர்க் காலத்துப் (1899 முதல் 1902 வரை பிரிட்டிஷாருக்கும் டச்சு வழிவந்த போயர்களுக்கும் இங்கே நடந்த போர்) பிரிட்டிஷ் படை, காக்கி உடை, காக்கி உறை போட்ட தொப்பி. அடிப்பாகத்துக்கு மரமோ அட்டையோ வைக்காமல், இவற்றுக்கு வண்ணம் பூசி வைத்திருந்த மனிதர் நம் பழைய இரண்டு சென்ட் காசுகளை ஒட்டியிருக்கிறார். சுமார் 22 மில்லிமீட்டர் அகலம், நல்ல கனம். சிப்பாய் கவிழவே மாட்டான். பெரும்பாலானவற்றைத் திருப்பினால் கறுப்பு வில்டபீஸ்ட் மான் தெரிகிறது. நாட்டுச் சின்னம் வெளியே தெரியும்படி ஒட்டிய காசுகளில் 1971 முதல் 1983 வரை ஆண்டுகள் இருக்கின்றன. எனவே 1983க்கு முன் இந்தப் படை முழுமை பெற்றிருக்க முடியாது. இப்போது மாமாவுக்காக ஒரு படம் அனுப்புகிறேன், பெரிதாக்கிப் பாருங்கள்.

[சனி, மாலை 6:42] நான்: 📷 படம்

[சனி, மாலை 6:58] மாமா: கண்ணாடி போட்டுக்கொண்டு பார்த்தேன். இரண்டிரண்டு பேராகத் தூளி போல எதையோ தூக்கிச் செல்கிறார்கள். கையில் செஞ்சிலுவைப் பட்டி இருக்கிறது. நான் நினைப்பது சரிதானா?

[சனி, இரவு 7:10] நான்: சரிதான் மாமா, ஸ்ட்ரெச்சர் தூக்குகிறவர்கள். நான்கு ஜோடிகள், படுத்த நிலையில் நான்கு காயமடைந்தவர்கள். ஆறு ஆண்டுகளாகத் தேடிக்கொண்டிருந்தது இதைத்தான். ஸ்பியோன்கோப் மலையை மேசையில் கட்டி வைத்திருக்கிறேனே, அதில் போயர்கள் இருக்கிறார்கள், பிரிட்டிஷ் படை இருக்கிறது, நம் ஆட்கள் மட்டும் இல்லை.

[சனி, இரவு 7:13] அக்கா மகன்: நம் ஆட்களா? அந்தப் போரில் நமக்கு என்ன வேலை?

[சனி, இரவு 7:31] மாமா: பேராண்டி, லிவர்பூல் அணியின் ஆட்டம் என்றால் இரவு முழுவதும் விழித்திருக்கிறாய். அந்த அணியின் மைதானத்தில் 'கோப்' என்று ஒரு பார்வையாளர் மேடை இருக்கிறதே, அதற்கு 1906இல் பெயர் வைத்தது நம் நேட்டாலில் லேடிஸ்மித் பக்கம் இருக்கும் இந்த மலையை நினைத்துத்தான். 1900 ஜனவரி 24 அன்று அந்த மலை உச்சியில் பிரிட்டிஷ் படை கடுமையாக அடிபட்டது. அதற்கு முந்தைய மாதம்தான் காந்தி நேட்டால் இந்தியர்களைத் திரட்டி ஆம்புலன்ஸ் படை அமைத்திருந்தார். ஏறத்தாழ 1,100 பேர். அவர்களில் சுமார் 300 பேர் சுதந்திரமானவர்கள், மீதி 800 பேர் கரும்புத் தோட்டங்களிலும் பிற இடங்களிலும் ஒப்பந்தக் கூலிகளாக இருந்தவர்கள். 1860 நவம்பரில் மதராஸிலிருந்து டுரூரோ கப்பல் வந்ததிலிருந்து அடுத்தடுத்து வந்து இறங்கியவர்களில் நம் மொழி பேசியவர்கள் எத்தனை பேர் என்பதை உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. முதலில் கொலென்சோ போரிலும் பிறகு ஸ்பியோன்கோப்பிலும், காயம்பட்டவர்களைத் தோளில் சுமந்து பல மைல் தூரம் நடந்து மருத்துவமனைக் கூடாரங்களில் சேர்த்தது அவர்கள்தாம்.

[சனி, இரவு 7:33] அக்கா மகன்: கோப் என்பது நம் ஊர் மலையா! நண்பர்களிடம் உடனே சொல்ல வேண்டும்.

[சனி, இரவு 7:50] மாமா: ஒன்று கேட்கிறேன் தம்பி. 1,100 பேரை எட்டே எட்டு உருவங்களால் எப்படிக் காட்டுவாய்?

[சனி, இரவு 8:04] நான்: எங்கள் போர் விளையாட்டு விதிப்படி ஓர் உருவம் 20 பேருக்குச் சமம். அப்படிப் பார்த்தால் 55 தேவை. எட்டு கையில் இருக்கிறது, 47 குறைகிறது. டப்பாவில் கோடு விழுந்தும் துப்பாக்கி ஒடிந்தும் இருக்கும் காலாட்கள் சிலரின் கையை வெட்டித் திருப்பி, தலையில் கலந்தால் இறுகிவிடும் இருவகை எபாக்சி மாவைக் கலந்து வைத்துத் தலைப்பாகை கட்டலாம் என்று நினைக்கிறேன். மற்றபடி இன்று பிற்பகல் சாக்ஸன்வோல்டில் உள்ள தேசிய இராணுவ வரலாற்று அருங்காட்சியகத்துக்குப் போய்க் காக்கியின் நிறத்தைப் பார்த்துக் குறித்துக்கொண்டேன். காக்கி என்று நாம் ஒரே பெயர் சொல்கிறோமே தவிர, ஒன்று மண் நிறம், ஒன்று கடுகு நிறம், ஒன்று வெளுத்த தேயிலை நிறம். அன்றைய பிரதமர் ஸ்மட்ஸ் 1947இல் திறந்துவைத்த இடம் அது. இரவுச் சண்டைக்கென்று செய்த இரு இருக்கை மெஸ்ஸர்ஷ்மிட் 262, இரண்டாம் உலகப் போர்க் காலத்து ஜெர்மன் ஜெட் விமானம், அங்கே நிற்கிறது. அந்த வகையில் உலகில் மிஞ்சியது அது ஒன்றுதான். அதன் முன் அரை மணி நேரம் நின்றேன், ஆனால் அது வேறு கதை.

[ஞாயிறு, காலை 11:35] நான்: ரோஸ்பேங்க் ஞாயிற்றுச் சந்தையில் இருக்கிறேன். ஒருவர் 1:72 ஜூலு வீரர்கள் பெட்டியை 400 ராண்ட் சொன்னார். ஒரு வீரனின் ஈட்டியை விரல் நுனியால் மெல்ல வளைத்துப் பார்த்தேன், பட்டென்று ஒடிந்துவிட்டது. மென்மையான பிளாஸ்டிக் வயதானால் அப்படித்தான் நொறுங்கும். போன வருடம் இதைப் பார்க்காமல் ஒரு பெட்டி வாங்கி, வீட்டுக்கு வந்து எடுத்தபோது பாதி வீரர்களுக்குக் கணுக்கால் இல்லை. இந்த முறை ஒடித்த ஈட்டிக்கு 20 ராண்ட் கொடுத்துவிட்டு நகர்ந்தேன்.

[ஞாயிறு, பகல் 12:10] நான்: அடுத்த கடையில் ஹீரோகுவெஸ்ட், 1989இல் வந்த பலகை விளையாட்டு, 250 ராண்ட். பெட்டி நசுங்கியிருக்கிறது, பகடைகள் இல்லை, பூதங்கள் பலவற்றைக் காணோம். ஆனால் மேசை, புத்தக அலமாரி, கல்லறை, கணப்பு எல்லாம் இருக்கின்றன. எனக்கு வேண்டியது அந்தத் தட்டுமுட்டுச் சாமான்களே. உருவங்களின்மேல் யாரோ ஒரு சிறுபிள்ளை நகப்பூச்சு போலத் தடிமனாக வண்ணம் பூசியிருக்கிறது. டெட்டாலில் ஓரிரவு ஊறவைத்தால் உரிந்துவிடும்.

[ஞாயிறு, பகல் 12:14] அத்தை: டெட்டாலா? போன தீபாவளிக்கு முன் என் வீட்டுப் பாட்டில் காலியானது இதனால்தானா?

[ஞாயிறு, பகல் 12:22] நான்: ஒப்புக்கொள்கிறேன் அத்தை. அன்று அவசரப்பட்டுத் தண்ணீரில் கழுவியதால் வண்ணம் முழுவதும் கோந்து போலாகிப் பல்துலக்கியில் ஒட்டிக்கொண்டது. முதல் அலசலையும் டெட்டாலிலேயே செய்ய வேண்டும், சோப்பும் தண்ணீரும் அதன் பிறகுதான். இந்த முறை என் பாட்டில், என் கையுறை, என் கொல்லைப்புறம்.

[ஞாயிறு, பகல் 12:30] அத்தை: ஈயத்தை மட்டும் சமையலறைக்குள் கொண்டுவராதே. பிள்ளைகள் வந்து போகும் வீடு.

[ஞாயிறு, பகல் 12:41] நான்: கொண்டுவர மாட்டேன். இரண்டு உருவங்களின் காலில் வெண்மையான பொடி பூத்திருக்கிறது; ஈயம் அரிப்பதன் அடையாளம் அது, வாயில் போகக்கூடாத நஞ்சு. அவற்றைத் தனியாகச் சுற்றி வைத்திருக்கிறேன். மற்றவற்றையும் ஓக் மர அலமாரியில் வைக்கப்போவதில்லை, அந்த மரத்தின் அமில ஆவி ஈயத்தைத் தின்றுவிடும்.

[ஞாயிறு, பகல் 12:55] அக்கா: போக 570 கிலோமீட்டர், வர 570. பெட்ரோலையும் சுங்கத்தையும் சேர்த்தால் உன் நான்கு ராண்ட் சிப்பாய் என்ன விலை ஆகிறான்?

[ஞாயிறு, பகல் 12:57] நான்: பெட்ரோல் புதுமனை கணக்கில் எழுதப்பட்டுவிட்டது அக்கா.

[ஞாயிறு, பகல் 1:20] மாமா: தூக்குகிறவர்களின் வண்ணத்தையும் டெட்டாலில் போட்டு உரித்துவிடுவாயா?

[ஞாயிறு, பகல் 1:38] நான்: மாட்டேன் மாமா. அந்த மனிதர் முகத்தில் நிழல் போட்டிருக்கும் விதம் என் கைக்கு வராது. தூசியைச் சோப்பு நீரில் துடைத்துவிட்டு, முகத்துக்கும் கைகளுக்கும் மட்டும் நம் நிறத்தை மெல்லியதாக ஒரு பூச்சு ஏற்றுவேன். காசுகளையும் பிரிக்கப்போவதில்லை.

[ஞாயிறு, பகல் 1:44] மாமா: நல்லது. என் மேசை இழுப்பறையில் பழைய இரண்டு சென்ட் காசுகள் ஒரு பை நிறைய இருக்கின்றன. மீதி 47 பேருக்கு வந்து எடுத்துக்கொண்டு போ.

[ஞாயிறு, பகல் 1:45] அத்தை: வரும்போது ஒரு டெட்டால் பாட்டிலும் வாங்கிக்கொண்டு வா.