குளிருக்கும் காற்றுக்கும் தாங்கும் சின்ன கிரில் எது?

வணக்கம். ஊட்டி பக்கம் லவ்டேலில் இருக்கிறோம். வெளியே இரண்டு பேர் நிற்கிற அளவுக்குத்தான் திண்ணை. நான்கு பேருக்கு மீனோ கோழியோ சுட, மடக்கிப் பரண் மேல் வைக்கக்கூடிய கிரில் ஒன்று வேண்டும்.

போன டிசம்பரில் பக்கத்து வீட்டு கேன் கேஸ் அடுப்பை வாங்கி முயன்றோம். உறைபனிக் காலை. தீ ஒரு விரல் உயரம் நீலமாக எழும்பி, அப்படியே படுத்துவிட்டது. கேனைத் தொட்டால் ஐஸ் மாதிரி. கேனில் இருக்கும் பியூட்டேன் வாயு 0 டிகிரியை ஒட்டிய குளிரில் சரியாக ஆவியாகாது என்று அப்புறம்தான் தெரிந்தது. குளிரிலும் ஆவியாகும் புரொப்பேன் வாயு கலந்த கேன் இங்கே எந்தக் கடையில் கிடைக்கும்?

கரியில் சுட்டால் ருசியே தனி. ஆனால் மழை வந்தால் உள்ளே தூக்கி வர முடியாது. அணைந்த மாதிரி தெரிகிற கங்கிலிருந்தும் கார்பன் மோனாக்சைடு என்ற விஷவாயு வரும், வாசனையே இருக்காது. வீட்டில் ஆறு மாதக் குழந்தை இருக்கிறது, அதில் மட்டும் துணிய மாட்டேன்.

காற்றை மறைக்கும் மூடியும் எவர்சில்வர் கம்பித் தட்டும் அவசியம். இந்த ஈரத்தில் இரும்பு சீக்கிரம் துருப்பிடிக்கிறது. குன்னூர், கோத்தகிரி பக்கம் வைத்திருப்பவர்கள் எந்த மாடல், என்ன விலை, எத்தனை வருஷமாக ஓடுகிறது என்று சொல்லுங்கள். பெரிய உதவியாக இருக்கும்.