ஆக்சா பிளேடுல படம் நிக்க மாட்டேங்கு

அண்ணாச்சிமாரே, சொந்தப் பூட்டுல திறந்து பழக பழைய ஆக்சா பிளேடுல பிக் (சாவியில்லாம பூட்டு திறக்குத மெல்லிசுக் கருவி) செய்யுதேன். பிக் வடிவத்தை வரைஞ்சு பிளேடுல ஒட்டுன படத்தாள், தேய்க்கையில சூடாறத் தண்ணில முக்குனதும் உரிஞ்சு போவுது. என்ன செய்ய?

பேட்டை லேத்துக்காரன்: தாளை விடும் வே. பெயிண்டை எமரித்தாளால தேச்சு எடும். எண்ணெப்பிசுக்கு ஆவவே ஆவாது, விரல் பட்ட இடம்கூடப் பிடிக்காது. உரக்கடை மயில்துத்தத்தை (காப்பர் சல்பேட்) தண்ணில கரைச்சுத் தடவுனா இரும்புமேல செம்பு மெல்லிசாப் படியும். தகரத்துல வெட்டுன அச்சை வச்சு ஊசியால சுத்திக் கீறும். செம்புல வெள்ளிக்கோடு பளிச்சுன்னு தெரியும், தண்ணிக்கும் அழியாது.

பாளையங்கோட்டை: துத்தம் விஷம்லா! சமையக்கட்டு ஏனத்துல கரைச்சிராதேயும்.

கேட்டவர்: ஸ்டெயின்லெஸ் தகட்டுக்கு?

லேத்துக்காரன்: அதுல செம்பு ஏறாது. மார்க்கரால முழுசாக் கறுப்படிச்சு, காஞ்சபெறவு கீறும். கறுப்பு போனாலும் கீறல் நிக்கும்.